வட்டு வெள்ளத்தில் போயிற்று, உரிமம் போகவில்லை: விண்டோஸ் 7-ஐ மறுபடி நிறுவ நேர்வழி என்ன?

பெரியாற்றங்கரை | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். கேரளத்து வண்டிப்பெரியாற்றிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பக்கத்துச் சிறு ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் பதினோரு பேருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். 2012-இல் வாங்கிய ஒரு மடிக்கணினியில்தான் இன்றுவரை அத்தனை கணக்கும் இருக்கிறது. விண்டோஸ் 7 ஹோம் பேசிக், 64 பிட். முழு விலை கொடுத்து, பில் போட்டு வாங்கினேன். கடைக்காரர் ஓர் உறையில் நிறுவல் வட்டையும் கொடுத்தார்.

2018 ஆகஸ்டில் பெரியாறு வீட்டுக்குள் வந்தது. மடிக்கணினியைத் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த வட்டும் பில்லும் சேற்றோடு போயின. அப்போது அதைப் பற்றி நினைக்கவும் நேரமில்லை.

இப்போது மூன்று வாரங்களாகக் கணினி பாதி திறந்து கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறது. உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். மலையிறங்கிப் போய் ஒரு கடையில் காட்டினேன். "வட்டெல்லாம் எதற்கு? பென் டிரைவில் இருக்கிறது. ஐநூறு ரூபாய், அரை மணி நேரம். ஆக்டிவேஷனே கேட்காது" என்றார். ஆக்டிவேஷன் என்றால் விண்டோஸ் முறையானதுதானா என்று மைக்ரோசாஃப்ட் சரிபார்ப்பது. அதை ஏன் கேட்காது என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. கணினியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பிறருடைய பணத்துக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். என் கணினியில் இருப்பதும் கணக்கில் வரவேண்டும் என்று நினைக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய பொருள், வட்டு தொலைந்ததால் என்னுடையது இல்லை என்று ஆகிவிடுமா? அடிப்பக்கத்தில் விண்டோஸ் ஸ்டிக்கர் இருக்கிறது, நிறுவும்போது கொடுக்கவேண்டிய 'கீ' என்ற குறியீடு அதில்தான். ஆனால் மடியில் வைத்து வைத்து எழுத்துகள் பாதி தேய்ந்துவிட்டன. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பம் பழுதுபார்ப்பவர் | திங்கள், இரவு 10.15

ஐயா, முதலில் கணினியை அணைத்துவிடுங்கள். நாளை காலையிலும் இயக்க வேண்டாம். அந்தச் சத்தம் ஹார்ட் டிஸ்க்கின் சத்தம். விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் நிறுவலாம். பதினோரு பேருடைய கணக்கு போனால் போனதுதான். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் டிஸ்க் இன்னும் கொஞ்சம் தேயும்.

உரிமம் பற்றிக் கேட்டீர்கள். 2012-இல் நீங்கள் காசு கொடுத்தது அந்தக் கணினியில் விண்டோஸ் 7-ஐ இயக்கும் உரிமைக்கு. வட்டு அந்த மென்பொருளைச் சுமந்து வந்த பாத்திரம், அவ்வளவே. கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் அதன் முதன்மைப் பலகையான மதர்போர்டோடு கட்டப்பட்டது. வேறு கணினிக்கு மாற்ற முடியாது. ஆனால் அதே கணினியில் எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி நிறுவலாம். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் உரிமம் அப்படியே இருக்கும்.

ஒன்று கேட்கிறேன். கணினியை இயக்கியதும், விண்டோஸ் சின்னம் வருவதற்கு முன், திரையின் அடியில் எஃப்11 அல்லது அதுபோல ஒரு விசையின் பெயர் தெரிந்ததா? நினைவிலிருந்து சொல்லுங்கள், இயக்கிப் பார்க்க வேண்டாம்.

எல்லைமேடு | திங்கள், இரவு 10.52

இவ்வளவு பாடு எதற்கு? இணையத்தில் 400, 500 ரூபாய்க்கு விண்டோஸ் கீ விற்கிறார்கள். பில்லும் தருகிறார்கள். நான் இரண்டு வாங்கினேன், இரண்டும் ஓடுகின்றன. பில் இருந்தால் சட்டப்படி சரிதானே?

கம்பம் பழுதுபார்ப்பவர் | திங்கள், இரவு 11.20

எல்லைமேடு தம்பி, பில் இருப்பது வேறு, விற்றவருக்கு அதை விற்கும் உரிமை இருப்பது வேறு. அந்த விலையில் வருபவற்றில் பல, ஒரு நிறுவனத்துக்கென்று மொத்தமாகக் கொடுக்கப்பட்ட கீயைப் பிரித்து விற்பவை. அல்லது உடைத்து விற்ற பழைய கணினிகளின் ஸ்டிக்கரிலிருந்து எடுத்தவை. ஆக்டிவேட் ஆவது உரிமத்துக்குச் சான்று ஆகாது. எண்ணிக்கை மீறியது தெரிந்து மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கினால், விற்றவரை நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்?

ஐயாவுக்கு ஒரு கடைக்காரர் சொன்னாரே, "கேட்காது" என்று, அதையும் விளக்கிவிடுகிறேன். பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளை உள்ளேயே ஒரு சர்வர் ஆக்டிவேட் செய்யும். அதற்கு கேஎம்எஸ் என்று பெயர். அப்படிச் செய்த ஆக்டிவேஷன் 180 நாட்கள் நிற்கும், அதற்குள் புதுப்பித்துக்கொள்ளும். சிலர் போலி சர்வர் ஒன்றைக் கணினிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அது வேலை செய்ய ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்திய பிறகு அதோடு கூட எது வந்து உட்காருகிறது என்று யாருக்கும் தெரியாது.

நானும் 2009 முதல் 2014 வரை இதைத்தான் செய்தேன். மறைக்கவில்லை. ஒரு மருந்துக்கடைக் கணினியில் நான் போட்டுக் கொடுத்ததோடு ஏதோ சேர்ந்து போய், அவர்களின் இருப்புப் பட்டியல் முழுவதும் பூட்டிக்கொண்டது. அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. நோட்டுப் புத்தகத்தில் மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். அன்றோடு விட்டேன். வருமானம் குறைந்தது உண்மை. வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நிற்கும்போது இப்போது மனம் உறுத்துவதில்லை, அதுவும் உண்மை.

தேனி வழக்கறிஞர் | செவ்வாய், காலை 7.05

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காக. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் (1)(ஏஏ) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. கணினி நிரல் ஒன்றின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், அது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தப் பயன்பாட்டுக்காகப் படியெடுக்கலாம். இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றிலிருந்து காத்துக்கொள்ளவும் காப்புப் படி எடுத்து வைக்கலாம். இது குற்றம் ஆகாது. பெரியாற்றங்கரை அவர்கள் 2018-க்கு முன் அந்த வட்டைப் படியெடுத்து வைத்திருந்தால் சட்டம் அவர் பக்கம்தான் நின்றிருக்கும்.

மறுபக்கம் அதே சட்டத்தின் 63பி பிரிவு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்காக, ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 வரை அபராதம் மட்டும் விதிக்கலாம். கணக்கு எழுதும் கணினி தொழில் கணினி என்பதைக் கவனியுங்கள்.

பெரியாற்றங்கரை | செவ்வாய், காலை 8.30

அண்ணன் கேட்டது நினைவுக்கு வருகிறது. ஆம், கீழே ஒரு வரி வரும், எஃப்11 என்றுதான் இருக்கும். இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் அதை அழுத்தியதில்லை. வழக்கறிஞர் ஐயாவுக்கு நன்றி. "காப்புப் படி எடுத்து வைக்கலாம்" என்பதைச் சட்டமே சொல்கிறது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கம்பம் பழுதுபார்ப்பவர் | செவ்வாய், காலை 9.10

நான் எதிர்பார்த்ததும் அதுதான். ஐயா, உங்கள் வட்டு தொலையவில்லை என்றே சொல்லலாம். அந்தக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க்கின் ஓரத்தில் மறைவான ஒரு மீட்புப் பகுதி உண்டு. கணினி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த விண்டோஸ், பாகங்களை இயக்கும் டிரைவர் நிரல்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். அதை எழுப்பும் விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: சிலவற்றில் எஃப்11, ஏசரில் ஆல்ட் விசையோடு எஃப்10, ஆசஸில் எஃப்9, லெனோவாவில் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பொத்தான்.

அந்த வழியில் நிறுவினால் கீயே கேட்காது. இது மேலே சொன்ன திருட்டு "கேட்காது" இல்லை. கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயோஸில் தயாரிப்பு நிறுவனத்தின் அடையாளம் ஒன்று பதிந்திருக்கிறது. மீட்புப் பகுதியில் அதே நிறுவனத்தின் சான்றிதழ்க் கோப்பும், அந்த நிறுவனத்துக்கென்று கொடுத்த ஒரு பொதுக் கீயும் இருக்கின்றன. மூன்றும் பொருந்தினால் இணையம் இல்லாமலே விண்டோஸ் 7 ஆக்டிவேட் ஆகிவிடும். கீயைத் தேடிக் காட்டும் மென்பொருள்கள் ஸ்டிக்கரில் இல்லாத வேறொரு கீயைக் காட்டுவதற்கும் காரணம் இதுதான். அது அந்தப் பொதுக் கீ. பலர் அதை எழுதி வைத்துக்கொண்டு, பின்னால் வேறு வட்டிலிருந்து நிறுவும்போது ஏற்கவில்லையே என்று தவிப்பார்கள்.

ஆனால் எஃப்11-ஐ இப்போது அழுத்தாதீர்கள். அது கணக்கையெல்லாம் அழித்துவிட்டுத்தான் பழைய நிலைக்குப் போகும். அதோடு, சாகும் நிலையில் உள்ள டிஸ்க் நடுவழியில் நின்றுவிடும். முதலில் முழு டிஸ்க்கையும், சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்கான ஒரு புதிய எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க வேண்டும், மறைவான பகுதி உட்பட. உங்களுடையது 320 ஜிபியாக இருக்கும். 480 அல்லது 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், அதை யுஎஸ்பியில் இணைக்க ஓர் உறையும் வாங்குங்கள்.

பீர்மேடு ஆசிரியர் | செவ்வாய், பகல் 1.25

நகலெடுக்கும் வேலைக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் இலவச லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு உள்ள பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் தமிழ்வழிப் பள்ளியிலும் கேரளத்தின் மற்ற அரசுப் பள்ளிகளைப் போலவே கணினி அறையில் லினக்ஸ்தான். ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017 முதல் கைட் என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் அதைத் தயாரித்துத் தருகிறது. பிள்ளைகளிடம் நான் முதல் வகுப்பிலேயே சொல்வது: "இந்த வட்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அண்டை வீட்டுக்கும் படியெடுத்துக் கொடுக்கலாம், அதற்கு உரிமமே அனுமதி தருகிறது." தொலைந்த வட்டு என்ற கவலையே அங்கு கிடையாது. ஒரு பத்து வயதுக் குழந்தை ஒளிக்காமல் ஒரு மென்பொருளைப் பகிர முடிகிறது என்பதைச் சாதாரணமாக நினைக்க என்னால் முடியவில்லை.

நீங்கள் முழுவதுமாக லினக்ஸுக்கு மாறவேண்டும் என்று வற்புறுத்த மாட்டேன், உங்கள் கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடுகிறது. ஒன்றை மட்டும் யோசியுங்கள். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன. குரோம் உலாவியும் 109-ஆம் பதிப்போடு அதை விட்டுவிட்டது. உரிமம் முறையானது என்பதால் பாதுகாப்பானது என்று ஆகாது. கணக்குக்கு விண்டோஸ், இணையத்துக்கும் வங்கிக்கும் லினக்ஸ் என்று பிரித்துக்கொண்டால் நல்லது.

இன்னொன்று. பழைய கோப்புகள் எந்தத் தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன? பாமினி, வானவில் போன்றவை என்றால் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபான்ட்ஸ் கோப்புறையையும் மறக்காமல் எடுத்து வையுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும்.

குமுளி மாணவி | செவ்வாய், மாலை 5.50

இதே இழையில் கேட்கலாமா அண்ணா? என் மடிக்கணினி 2019-இல் விண்டோஸ் 10 ஹோமோடு வாங்கியது. வட்டும் இல்லை, ஸ்டிக்கரில் கீயும் இல்லை. போன மாதம் மாமா ஒருவர் ஃபார்மேட் செய்து புரோ பதிப்பைப் போட்டார். அதிலிருந்து ஆக்டிவேட் செய்யச் சொல்லி எழுத்து வந்துகொண்டே இருக்கிறது. கீயை எங்கே தேடுவது?

கம்பம் பழுதுபார்ப்பவர் | செவ்வாய், மாலை 6.35

தாராளமாகக் கேளம்மா. நீ தேடவே வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து கீயை மதர்போர்டிலேயே பதித்து அனுப்புகிறார்கள். உன் கீ அங்கேயே இருக்கிறது. ஆனால் அது ஹோம் பதிப்புக்கான கீ. மாமா புரோ பதிப்பைப் போட்டதால் இரண்டும் பொருந்தவில்லை. இந்தியாவில் விற்ற பல மடிக்கணினிகளில் "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்" என்று இருக்கும், அதுவும் ஒரு தனிப் பதிப்பு. பெட்டியிலோ பில்லிலோ பார்.

மைக்ரோசாஃப்டின் தளத்திலேயே நிறுவல் பென் டிரைவ் தயாரிக்கும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. 8 ஜிபி பென் டிரைவ் போதும், முன்பு அதில் இருந்தவை அழிந்துபோகும். அதைக் கொண்டு நிறுவினால் பதிப்பைக் கணினியே போர்டிலிருந்து தெரிந்துகொள்ளும். கீ கேட்டால் "கீ இல்லை" என்பதைத் தேர்ந்தெடுத்துச் சரியான ஹோம் பதிப்பைக் காட்டு. இணையத்தில் இணைந்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 10-இன் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. உன் பிராசசர் மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் இருந்து, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருந்தால், இதே உரிமத்திலேயே விண்டோஸ் 11-க்குப் போகலாம். படிப்புக் கோப்புகளை முதலில் எடுத்து வைத்துக்கொள்.

எல்லைமேடு | செவ்வாய், இரவு 8.15

அப்படியானால் பெரியாற்றங்கரை ஐயாவும் 7-இன் கீயை வைத்து 10-ஐ இலவசமாக ஆக்டிவேட் செய்யலாமே? என் நண்பர்கள் செய்தார்கள்.

கம்பம் பழுதுபார்ப்பவர் | செவ்வாய், இரவு 8.40

அந்த இலவச வாய்ப்பு 2016 ஜூலை 29 வரை என்றுதான் அறிவித்திருந்தார்கள். அதன் பின்னும் பல ஆண்டுகள் வாசல் திறந்தே இருந்தது. 2023 செப்டம்பரில் அதை மூடிவிட்டார்கள்.

ஐயா, மீட்புப் பகுதி கெட்டுப்போயிருந்தால் ஸ்டிக்கர் கீதான் துணை. அதனால் இப்போதே அதைப் படித்து எழுதி வைப்போம். பக்கவாட்டில் டார்ச் அடித்துக் கைப்பேசியில் படம் எடுங்கள், அழுந்திய மையின் தடம் தெரியும். மொத்தம் 25 எழுத்துகள், ஐந்தைந்தாக. விண்டோஸ் 7 கீயில் சில எழுத்துகள் வரவே வராது: ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் இல்லை, எல், என், எஸ், இசட் இல்லை, 0, 1, 5 இல்லை. ஆகவே ஐந்தா எஸ்ஸா என்று குழம்ப வேண்டாம், இரண்டுமே இல்லை. வட்டமாகத் தெரிவது கியூவாக இருக்கலாம், ஓவாக இருக்காது. பிக்கும் 8-க்கும், ஜிக்கும் 6-க்கும் இடையில்தான் உண்மையான சந்தேகம் வரும்.

அந்த நிலை வந்தால், அதே பதிப்பின் மாற்றம் செய்யாத வட்டிலிருந்து நிறுவி உங்கள் கீயைக் கொடுக்கலாம். நண்பரிடம் இரவல் வாங்கிய வட்டாக இருந்தாலும் கீ உங்களுடையதாக இருக்கவேண்டும். ஸ்டிக்கர் கீக்கு, முன்பு தொலைபேசி வழியில் நடந்த ஆக்டிவேஷனை மைக்ரோசாஃப்ட் இப்போது காட்டும் வழியில் செய்யவேண்டி வரும். திரையில் 54 இலக்கங்கள் தோன்றும், அவற்றைக் கொடுத்தால் 48 இலக்கங்கள் திரும்பக் கிடைக்கும். நான் பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். பொறுமை வேண்டும், வேறு சிரமம் இல்லை.

பெரியாற்றங்கரை | வெள்ளி, இரவு 9.20

நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை கம்பத்துக்குப் போய் எஸ்எஸ்டியும் உறையும் வாங்கினேன். அண்ணன் கடையில் வைத்து டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, "வீட்டிலேயே நீங்களே செய்யலாம், நான் கைப்பேசியில் இருக்கிறேன்" என்றார். திரும்பும் வழியில் ஆசிரியர் வீட்டில் உபுண்டு பென் டிரைவை வாங்கிக்கொண்டேன். நகலெடுத்தது டிடிரெஸ்க்யூ என்ற நிரல். அது முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருகிறது. நோயாளியிடம் முதலில் தேவையானதைக் கேட்டுக்கொள்வது போல. எது பழைய டிஸ்க், எது புதியது என்று மூன்று முறை அளவைப் பார்த்துச் சரிபார்த்தேன். மாற்றிக் கொடுத்தால் வெற்று எஸ்எஸ்டி என் கணக்கின் மேல் எழுதப்பட்டிருக்கும்.

எவ்வளவு தூரம் முடித்தது என்பதை அந்த நிரல் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டே வரும். அதை வேறொரு பென் டிரைவில் சேமிக்கச் சொன்னார் அண்ணன், பென் டிரைவிலிருந்து இயங்கும் உபுண்டு அணைந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பதால். அந்த ஒரு சொல்தான் என்னைக் காப்பாற்றியது. இரவு காற்றும் மழையும். இரண்டு முறை மின்சாரம் போயிற்று. என் பாட்டரி எப்போதோ செத்துவிட்டது. இரண்டு முறையும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. வியாழன் மதியம் முடிந்தபோது படிக்க முடியாமல் போனது 200 கேபிக்கும் குறைவு.

புதிய எஸ்எஸ்டியிலிருந்து கணக்குக் கோப்புறைகளையும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் இரண்டு இடங்களில் படியெடுத்தேன். பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியைப் பொருத்தி, 13 ஆண்டுகளில் முதல் முறையாக எஃப்11-ஐ அழுத்தினேன். மீட்புத் திரை வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் விண்டோஸ் 7, கடையிலிருந்து கொண்டுவந்த நாளில் இருந்தது போலவே எழுந்தது. இணையத்தை இணைக்கவே இல்லை. கம்ப்யூட்டரின் பண்புகளைத் திறந்து அடிவரை இறக்கிப் பார்த்தேன், ஆக்டிவேட் ஆகியிருந்தது. கீ கேட்கவில்லை. அந்தக் கடையில் கேட்ட அதே "கேட்காது" தான், ஆனால் இம்முறை ஏன் என்று எனக்குத் தெரியும்.

கம்பம் பழுதுபார்ப்பவர் | வெள்ளி, இரவு 9.45

மிக்க மகிழ்ச்சி ஐயா. நாளைக்கே தொடக்கப் பட்டியலில் மீட்பு வட்டு உருவாக்கும் கருவியைத் திறந்து வட்டுகளை எழுதிவிடுங்கள். பல நிறுவனங்கள் ஒரு தொகுப்பு எழுத மட்டுமே அனுமதிக்கின்றன, ஆகவே நல்ல வெற்று டிவிடிகளாக வாங்குங்கள். உங்கள் ஊர் ஈரத்தில் வட்டின் மேல் பூஞ்சை படரும், கவனம். டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: கணினி நன்றாக இருக்கும்போதே, ஃபார்மேட் செய்வதற்கு முன் உரிமத்தைச் சரண்டர் செய்யுங்கள், அதாவது திருப்பி ஒப்படையுங்கள்.

குமுளி மாணவி | சனி, காலை 10.05

எனக்கும் சரியாகிவிட்டது அண்ணா. சிங்கிள் லாங்குவேஜ்தான் என்று பில்லில் இருந்தது. மாமாவிடமும் காட்டினேன், இனி பதிப்பைப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றார்.

பெரியாற்றங்கரை | ஞாயிறு, மாலை 6.30

நான்கு டிவிடிகள் எழுதியாயிற்று. ஸ்டிக்கரின் படத்தையும் கீயை எழுதிய தாளையும் டிவிடிகளோடு ஓர் உறையில் வைத்து, கம்பத்தில் அக்கா வீட்டு இரும்புப் பெட்டியில் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே வெயில் உண்டு, ஆறு வீட்டுக்குள் வராது. இணையத்துக்கு உபுண்டுவையும் பக்கத்திலேயே நிறுவிக் கொடுத்தார் ஆசிரியர்.

இன்று எழுத்துருக்களைத் திரும்பப் போட்டேன். போடுவதற்கு முன், 2013-ஆம் ஆண்டுக் கூலிப் பதிவேட்டைத் திறந்து பார்த்திருந்தேன், ஆசிரியர் சொன்னபடியே ஒன்றும் புரியாத ஆங்கில எழுத்துகள். பாமினியைச் சேர்த்துவிட்டு மறுபடி திறந்தேன். காய் பறிக்க வந்தவர்களின் பெயர்கள், நாள், கூலி, எல்லாம் தமிழில் வரிசையாக வந்தன. அவர்களில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. அந்த ஆண்டுக் கணக்கு கேட்டுக் காத்திருந்த வீட்டுக்கு நாளை காலை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.